ரோமாபுரிச் சட்டமும் ஒரு கையெழுத்தும்

2 பெப்ரவரி 2024. வாசகர் ஒருவரின் கேள்வி

"ஐரோப்பியப் பெண்ணுக்குச் சொத்தும் இல்லை, வாக்கும் இல்லை என்று ஆக்கி வைத்தது ரோமாபுரி. தகப்பன் கையில் பிறந்து, கணவன் கைக்கு மாறி, அவனும் போனால் ஒரு காப்பாளன் கைக்குப் போகிறவள் ரோமப் பெண். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த பெண்ணுரிமைக்காரர்கள் இறக்கி வைத்தது இந்த ரோமச் சுமையைத்தான். மறுப்பவர் உண்டா?"

2 பெப்ரவரி, இரவு

பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். பழைய ரோமர் சட்டத்தில் மனைவி கணவனின் அதிகாரத்துக்குள் போவதற்கு "மானுஸ்" என்று பெயர். லத்தீனில் அதற்குக் "கை" என்று பொருள். தகப்பனின் அதிகாரம் அதைவிடப் பெரியது. அவர் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்குச் சொந்தம் என்று சட்டப்படி எதுவும் கிடையாது, ஐம்பது வயது மகனுக்கும்கூட. இந்த இரண்டு கையிலும் இல்லாத பெண்ணுக்கு ஒரு காப்பாளர்.

எனக்கு இது ஏட்டுக் கதை இல்லை. 2003இல், போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம், அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்த தன் சீதனக் காணியை விற்கப் போனார். 1974இல் அம்மப்பா எழுதிக் கொடுத்த உறுதி, அதாவது காணிப் பத்திரம். பொலித்தீன் பைக்குள் போட்டு, மேலே ஒரு பழைய தலையணை உறையைச் சுற்றி, மூன்று இடப்பெயர்விலும் காவித் திரிந்த உறுதி. உறுதி எழுதும் நொத்தாரிசு அதை மேசையில் விரித்து முழுதும் வாசித்தார். "காணி உங்கட தான் அம்மா, அதில பிரச்சினை இல்லை" என்றார். அப்புறம் ஒரு தாளில் பென்சிலால் வட்டம் போட்டு, "இதில உங்கட அவர் ஒப்பம் வைக்க வேணும்" என்றார். அப்பா 1989இல் ஜெர்மனிக்குப் போனவர். கடிதம் நின்று அப்போதே பத்து வருடம். அம்மா உறுதியைத் திரும்ப உறைக்குள் சுற்றிக்கொண்டு எழும்பி வந்துவிட்டார்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தன் சொந்தக் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகையை விற்கலாம். தான் செத்த பிறகு காணி யாருக்கென்று மரணசாசனமும் தானே எழுதலாம். உயிரோடு இருக்கும்போது விற்கத்தான் அவர் வேண்டும்.

நான் அப்போது கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். பாடத்திட்டத்தில் ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டம் இருந்தது. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன், இது ரோமாபுரி செய்த வேலை என்று. ஆகவே கேள்வி கேட்டவரின் கோபம் எனக்குப் புரிகிறது.

3 பெப்ரவரி

"இங்கிலாந்துச் சட்டம் ரோமர் சட்டத்திலிருந்து வந்ததில்லையே, அமெரிக்கப் பெண்கள் எப்படி ரோமச் சுமையை இறக்கினார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நேற்று எழுதியதை இதற்கேற்பத் திருத்த வேண்டும்.

ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இல் வெளியிட்ட ஆங்கிலச் சட்ட விளக்கத்தில், கலியாணத்தோடு பெண்ணின் சட்டப்படியான இருப்பே நின்றுபோய் கணவனுக்குள் அடங்கிவிடுகிறது என்கிறார். அதே அத்தியாயத்தில் ரோமர் வழிச் சட்டத்தையும் பக்கத்தில் வைக்கிறார். அங்கே கணவனும் மனைவியும் இரண்டு வேறு ஆட்கள். தனித்தனிச் சொத்து, தனித்தனி ஒப்பந்தம், தனித்தனிக் கடன் வைத்துக்கொள்ளலாம். 1848 ஜூலையில் அமெரிக்காவின் செனெகா ஃபோல்ஸில் பெண்ணுரிமை மாநாட்டுக்குக் கூடியவர்கள் மணமான பெண் சட்டத்தின் கண்ணில் செத்தவள் என்று எழுதினார்களே, அந்தச் சாவு லண்டனிலிருந்து கப்பலேறிய சாவு.

ரோமாபுரியிலும் "கை" கடைசிவரை அப்படியே இருக்கவில்லை. குடியரசின் பிற்காலத்தில் பெரும்பாலான கலியாணங்கள் மானுஸ் இல்லாமலே நடந்தன. மனைவியின் சொத்து மனைவியுடையது. மணமுறிவு வந்தால் சீதனத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம்.

அப்படியென்றால் என் அம்மாவை எழுப்பி அனுப்பியது யார்? நான் படித்த சட்டத்தின் பெயரிலேயே பாதி டச்சு இருக்கிறது. அதில் வரும் கணவனின் அதிகாரம் பெரும்பாலும் வடக்கு ஐரோப்பிய வழக்கத்திலிருந்து வந்தது, ரோமாபுரியின் பிற்காலச் சட்டத்தில் அதற்கு வேர் குறைவு. இலங்கையில் 1923இல் வந்த மணமான பெண்கள் சொத்துச் சட்டம் அந்த அதிகாரத்தை நீக்கியது. தேசவழமைக்காரருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியும் வைத்தது. தவறான ஆளை இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

3 பெப்ரவரி, பிறகு

மேலே எழுதியதை வைத்து "ரோம் நல்லது" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டோவைப் பற்றி எழுதினால் புரியும். நாளைக்கு.

5 பெப்ரவரி

கன்னே போரில் கார்த்தேஜ் தளபதி ஹனிபாலிடம் தோற்ற அடுத்த வருடம், கி.மு. 215இல், ரோமர் ஓப்பியச் சட்டம் கொண்டுவந்தார்கள். பெண் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது. பல நிறத்தில் உடுத்தக் கூடாது. ஊருக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு மைலுக்குள்ளும் வண்டியில் போகக் கூடாது, பொதுச் சடங்குகளுக்குத் தவிர. யுத்தம் முடிந்தது. ஹனிபால் தோற்றான். ஆண்கள் ஊதாக் கரை போட்ட உடுப்பைக் குறைவில்லாமல் போட்டுக்கொண்டார்கள். பெண்களுக்கான சட்டம் மட்டும் இருபது வருடம் அப்படியே கிடந்தது.

கி.மு. 195இல் அதை நீக்கும் பேச்சு எழுந்தபோது பெண்கள் தெருவில் இறங்கினார்கள். மன்றத்துக்குப் போகும் வழிகளை மறித்து, வருகிற ஆண்களிடமெல்லாம் கேட்டார்கள். சுற்று ஊர்களிலிருந்தும் நாளுக்கு நாள் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நீக்கத்தை மறித்து நின்ற இரண்டு மக்கள் பிரதிநிதிகளின் வீட்டு வாசலில் போய் நின்று, அவர்கள் விடும்வரை நகரவில்லை. சட்டம் நீங்கியது.

அந்த வருடம் கன்சல், அதாவது ரோமின் தலைமைப் பதவியில் இருந்தவர்களில் ஒருவர், கேட்டோ. அவர் எதிர்த்துப் பேசியதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதும் உரையைப் படியுங்கள். பெண்கள் சமமான அந்தக் கணமே மேலானவர்கள் ஆகிவிடுவார்கள் என்கிறார். இன்றைக்கு ஒன்று விட்டால் நாளைக்கு எல்லாம் கேட்பார்கள் என்கிறார். வீட்டிலேயே அவரவர் மனைவியை அடக்கியிருந்தால் தெருவில் இந்தக் கூட்டம் வந்திருக்காது என்கிறார். எங்கள் ஊர்க் கலியாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து கேட்ட பேச்சு போல இருக்கிறதா? எனக்கு இருந்தது. வாக்குரிமைக்கு எதிராக 19ஆம் நூற்றாண்டில் பேசியவர்கள் புதிதாக ஒன்றையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லத்தீன் படித்த ஆண்பிள்ளைகள் லிவியையும் படித்தார்கள். வாதம் கையில் ஆயத்தமாக இருந்தது.

6 பெப்ரவரி

"பெண்கள் பக்கம் பேசிய வலேரியஸை விட்டுவிட்டீர்களே" என்று கேட்கிறார்கள். வேண்டுமென்றுதான் தள்ளி வைத்தேன். அவர் பேச்சு அழகானது. உங்கள் குதிரை உங்கள் மனைவியைவிட நன்றாக அலங்கரித்துப் போகலாமா என்று கேட்கிறார். நேசநாட்டுப் பெண்கள் வண்டியில் போக, ரோமப் பெண் பின்னால் நடக்க வேண்டுமா என்கிறார். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கம் வரை போங்கள். பெண்களைக் கையிலும் காப்பாளர் பொறுப்பிலும் வையுங்கள், அடிமைத்தனத்தில் வைக்காதீர்கள் என்று முடிக்கிறார். ஆதரித்துப் பேசியவரும் "கை"யை விடவில்லை.

எனக்குக் கேட்டோவிடம் வந்ததைவிட இவரிடம் அதிகம் கோபம் வந்தது. கேட்டோ பயத்தை மறைக்கவில்லை.

6 பெப்ரவரி, இன்னொன்று

இரண்டு பேச்சையும் எழுதியவர் லிவிதான், இருநூறு வருடத்துக்கு அருகில் கழித்து. கேட்டோ அன்று வாயால் சொன்னது என்னவென்று அதிலிருந்து தெரியாது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

9 பெப்ரவரி

ஹோர்டென்சியா. இந்த இழையில் இவ்வளவு நாள் இவர் பெயர் வராமல் இருந்ததே தப்பு.

கி.மு. 42. சீசரைக் கொன்றவர்களோடு யுத்தம். அப்போது ரோமை ஆண்ட ஒக்டேவியன், அந்தோனி, லெப்பிடஸ் மூவருக்கும் காசு போதவில்லை. ரோமின் மிகப் பணக்காரப் பெண்கள் 1,400 பேர் தங்கள் சொத்தை மதிப்பிட்டுக் காட்டி வரி கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். பெண்கள் முதலில் மூவரின் வீட்டுப் பெண்களிடம் போனார்கள். ஒக்டேவியனின் அக்காவும் அந்தோனியின் தாயும் நல்லபடி கேட்டார்கள். அந்தோனியின் மனைவி ஃபுல்வியா விரட்டிவிட்டார். அங்கிருந்து நேரே மன்றத்துக்குப் போனார்கள். பேச எழுந்தவர் ஹோர்டென்சியா, பேர்பெற்ற வழக்குரைஞர் ஹோர்டென்சியஸின் மகள்.

பதவியிலும் படையிலும் ஆட்சியிலும் எங்களுக்குப் பங்கு இல்லாதபோது நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார். எங்கள் தாய்மார் கார்த்தேஜ் யுத்தத்தில் கொடுத்தார்கள், ஆனால் தங்கள் நகையிலிருந்து தாங்களாக விரும்பிக் கொடுத்தார்கள் என்றார். காணியிலிருந்தோ, சீதனத்திலிருந்தோ, வீட்டிலிருந்தோ இல்லை, அவை இல்லாமல் ஒரு சுதந்திரப் பெண்ணால் வாழ முடியாது என்றார். அந்நியன் படையெடுத்து வந்தால் நாங்களும் குறைவில்லாமல் கொடுப்போம், உங்களுக்குள் அடிபடுகிற யுத்தத்துக்கு ஒரு காசும் கொடுக்க மாட்டோம் என்றார்.

காணி, சீதனம், வீடு. அந்த மூன்று சொல்லையும் அம்மாவுக்கு டெலிபோனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளை, அந்த மனுசி எந்த ஊர்?" என்று கேட்டார்.

மூவரும் ஆட்களை ஏவிப் பெண்களைத் துரத்தப் பார்த்தார்கள். வெளியில் நின்ற சனம் கூச்சல் போட்டதால் நிறுத்தினார்கள். அடுத்த நாள் 1,400 என்பதை 400 ஆக்கி, பணக்கார ஆண்களுக்கும் ஒரு வரி போட்டார்கள்.

10 பெப்ரவரி

"பணக்காரிகளின் வரிக் கவலையைப் பெண்ணுரிமை என்று கொண்டாடலாமா? ரோமில் அடிமைப் பெண்கள் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு நான் தப்பி ஓட மாட்டேன். கேள்வி நியாயமானது. அதே ஒக்டேவியன் பிறகு அகஸ்டஸ் என்ற பெயரில் ஆண்ட காலச் சட்டங்களில் மூன்று பிள்ளை பெற்ற சுதந்திரப் பெண் காப்பாளரிடமிருந்து விடுபடலாம். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவளுக்கு அந்தக் கணக்கு நான்கு. ஒரு பிள்ளை கூடுதலாகப் பெற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது. அடிமையாகவே இருந்தவளுக்குக் கணக்கே இல்லை. ஹோர்டென்சியாவின் பேச்சில் அந்தப் பெண்கள் ஒரு சொல்லிலும் வரவில்லை.

11 பெப்ரவரி

ஹோர்டென்சியா பேச்சின் சொற்கள் அவருடையவையா என்று கேட்ட நண்பருக்கு: நம்மிடம் இருப்பது கிரேக்க மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர் அப்பியனின் வடிவம், கி.பி. 2ஆம் நூற்றாண்டு. முதல் நூற்றாண்டில் பேச்சுக்கலை ஆசிரியர் குயிண்டிலியன், அந்தப் பேச்சு தன் காலத்திலும் படிக்கப்படுவதாகவும், அது பெண் பேசியது என்பதற்காக மட்டும் படிக்கப்படவில்லை என்றும் சொல்கிறார். அப்படியென்றால் லத்தீன் மூலம் இருந்திருக்கிறது. பிறகு தொலைந்துவிட்டது.

இதை எழுதும்போதே, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அமெரிக்கக் கறுப்பினப் பேச்சாளர் சொஜர்னர் ட்ரூத் நினைவுக்கு வந்தார். 1851இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் அவர் பேசியது எல்லாருக்கும் தெரியும். "நான் ஒரு பெண் இல்லையா" என்று திரும்பத் திரும்ப வரும் வடிவம் பன்னிரண்டு வருடம் கழித்து, 1863இல், ஃபிரான்சிஸ் கேஜ் எழுதியது. பேசிய அதே வருடம் பத்திரிகையில் வந்த வடிவத்தில் அந்த வரி இல்லை. கேஜ் அவர் வாயில் தென்மாநில அடிமைப் பேச்சை வைக்கிறார். ட்ரூத் பிறந்ததோ நியூயோர்க்கில், டச்சுக் குடும்பத்தின் அடிமையாக. அவர் முதலில் பேசிய மொழி டச்சு. மன்றத்தில் எழுந்து நின்ற இரண்டு பெண்கள், இருவரின் பேச்சையும் வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மனசை உறுத்துகிறது. தீர்வு ஒன்றும் என்னிடம் இல்லை.

14 பெப்ரவரி

கேட்டோவின் பக்கம் ரோமை எடுத்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பெண்கள் தாங்களாகப் போய் எடுத்ததும் உண்டு.

அபிகெய்ல் ஆடம்ஸ், பிறகு அமெரிக்க ஜனாதிபதியான ஜோன் ஆடம்ஸின் மனைவி, கணவருக்கு எழுதிய கடிதங்களில் "போர்ஷியா" என்று கையெழுத்திட்டார். போர்ஷியா, சீசரைக் கொன்ற புரூட்டஸின் மனைவி, கேட்டோவின் வம்சத்துப் பெண். அபிகெய்லின் தோழி மெர்சி ஓட்டிஸ் வாரன் "மார்சியா". அதுவும் கேட்டோவின் வம்சத்தோடு ஒட்டிய பெயர்தான். 1776 மார்ச் 31ஆம் திகதிக் கடிதத்தில், புதிய சட்டம் எழுதும்போது பெண்களை மறக்க வேண்டாம், கணவன்மார் கையில் வரம்பில்லாத அதிகாரம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டார். ஜோன் ஆடம்ஸ் இரண்டு வாரம் கழித்து, சிரிக்காமல் இருக்க முடியவில்லை என்று பதில் எழுதினார்.

போர்ஷியா கதையைப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிற விதம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். கணவன் தன்னிடம் எதையோ மறைக்கிறான். அவள் சிறு கத்தியால் தன் தொடையில் ஆழமாக வெட்டிக்கொண்டு, வலியையும் காய்ச்சலையும் பொறுத்துக் காட்டி, அதன் பிறகே "என்னிடம் சொல்லலாம்" என்கிறாள். தன்னை நம்ப வைக்க ஒரு பெண் முதலில் இரத்தம் காட்ட வேண்டியிருக்கிறது. அபிகெய்ல் இந்தப் பெயரைத் தேர்ந்தபோது எதை நினைத்தாரோ. வருடக்கணக்காகத் தனியே பண்ணையைப் பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, முதலீடும் செய்தவர்.

15 பெப்ரவரி

அபிகெய்ல் பற்றி ஒன்று விட்டுப்போனது. 1816 ஜனவரியில் அவர் ஒரு உயில் எழுதினார். மணமான பெண்ணுக்கு உயில் எழுதச் சொத்தே கிடையாது என்பது அன்றைய சட்டம். அவர் தன் காசு, தன் உடுப்பு, தன் பங்குகள் என்று எழுதி, பெரும்பாலும் பெண்களுக்கே பிரித்துக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து இறந்தார். ஜோன் ஆடம்ஸ் அதை அப்படியே நிறைவேற்றினார். முன்பு சிரித்தவர்.

ஆங்கிலச் சிந்தனையாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1869இல் இதே இடத்தைத் தொடுகிறார். ரோமர் அடிமைக்குக்கூட "பெக்கூலியம்" என்று கையிருப்புச் சொத்து இருந்தது, சட்டம் ஓரளவுக்கு அதைக் காப்பாற்றியது என்கிறார். இங்கிலாந்தில் பணக்காரர் தங்கள் பெண்மக்களுக்கு அதுபோல ஒன்றைத் தனி ஒப்பந்தம் எழுதி ஏற்பாடு செய்கிறார்கள் என்கிறார். மனைவியை ரோம அடிமையின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஒரு சட்டச் சொல் போதுமாக இருந்தது.

18 பெப்ரவரி

இந்த இழையை இவ்வளவு தூரம் இழுத்தது இதைச் சொல்லத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதே 1816இல், இத்தாலியின் வெரோனா நகரத் தேவாலய நூலகத்தில் நீபூர் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு பழைய தோல் ஏட்டைக் கண்டார். மேலே புனித ஜெரோமின் கடிதங்கள். அடியில் சுரண்டி அழித்த வேறு எழுத்து. அது கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயுஸின் பாடநூல். பழைய காலத்தில் தோல் விலை கூடியது, வேண்டாத எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே எழுதுவார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் காயுஸ் அடியில் கிடந்தார்.

அவர் ஓரிடத்தில், பெண்களின் மனம் இலேசானது என்பதால் வயது வந்த பிறகும் அவர்களுக்குக் காப்பாளர் இருக்க வேண்டும் என்று முன்னோர் விரும்பினார்கள் என்று எழுதுகிறார். பிறகு சில பக்கம் தள்ளி, வயது வந்த பெண்ணுக்குக் காப்பாளர் இருக்கத் தக்க காரணம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறார். எளிதில் ஏமாறுவார்கள் என்று சொல்லும் காரணம் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே தவிர உண்மையாகத் தெரியவில்லையாம். பெண்கள் தங்கள் அலுவலைத் தாங்களே பார்க்கிறார்கள், சில காரியங்களில் காப்பாளர் சம்மதம் வெறும் சடங்கு, அவர் மறுத்தால் நீதிபதியே அவரைச் சம்மதிக்க வைக்கிறார் என்கிறார்.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அம்மாவுக்கும் அதுதானே நடந்தது. கணவர் எங்கே என்று தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அவருடைய சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை கொடுக்கலாம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அம்மா மனுப் போட்டார். எட்டு மாதம் எடுத்தது. வாங்க இருந்தவர் அதற்குள் வேறு காணி வாங்கிவிட்டார். கடைசியில் குறைந்த விலைக்குத்தான் போனது. தம்பியின் படிப்புக்கு என்று வைத்த காசில் பாதி வழக்குக்கும் போக்குவரத்துக்கும் போனது. காயுஸ் "சடங்கு" என்று எழுதியது நடந்து பதினெட்டு நூற்றாண்டுக்குப் பிறகு அதே சடங்கு.

ரோமாபுரிக்கு உள்ளேயே ஒருவர் "இது உண்மையான காரணம் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டது 1792இல். 1797இல் இறந்துவிட்டார். அந்த வரி அப்போது வெரோனாவில் கடிதங்களுக்கு அடியில் கிடந்தது.

19 பெப்ரவரி

"மூசோனியுஸ் ரூஃபுஸ் என்ற தத்துவவாதி பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்றாரே, அவரைச் சொல்லவில்லையே" என்பவருக்கு. நீரோ அவரை நாடு கடத்தினான். கெட்டியான மனிதர். குதிரையையும் நாயையும் பழக்குகிறவன் ஆண், பெண் என்று பார்த்தா பழக்குகிறான், மகளுக்கும் மகனுக்கும் ஒரே பயிற்சி கொடுங்கள் என்றார். நான் அவரை மதிக்கிறேன். ஆனால் படித்த பெண் இன்னும் நல்ல குடும்பத் தலைவியாவாள் என்பதில்தான் அவர் வாதம் முடிகிறது. பதவி, வாக்கு என்று ஒரு அடி வெளியே வரவில்லை.

கேத்தரின் மெக்காலேயைப் பாருங்கள். சின்ன வயதிலேயே ரோம, கிரேக்கக் குடியரசுகளின் வரலாற்றைப் படித்து, 1763 முதல் 1783 வரை எட்டுத் தொகுதியில் இங்கிலாந்து வரலாறு எழுதியவர். குடியரசுவாதி. 1790இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கல்வி என்று எழுதினார், அதற்கு மதிப்புரை எழுதியவர் வுல்ஸ்டன்கிராஃப்ட். ரோமர் வரலாற்றைப் படித்த பெண் நல்ல குடும்பத் தலைவியோடு நிற்கவில்லை. கொடுங்கோலனைக் கண்டால் எதிர்க்க வேண்டும் என்று அந்தப் புத்தகங்கள் ஆண்பிள்ளைகளுக்குச் சொன்னதை அவர் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

19 பெப்ரவரி, இரவு

பிரான்ஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒலிம்ப் ட கூஜ் 1791இல் எழுதிய பெண்ணுரிமைப் பிரகடனம், 10ஆம் பிரிவு: கொலைமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறதென்றால் பேச்சுமேடை ஏறவும் உரிமை இருக்க வேண்டும். 1793 நவம்பர் 3ஆம் திகதி அவரைக் கொலைமேடையில் ஏற்றினார்கள். ஐந்து நாள் கழித்து, புரட்சி அரசியலில் இருந்த மதாம் ரோலான், எட்டொன்பது வயதில் புளூட்டார்க்கைப் பிரார்த்தனைப் புத்தகம் போல தேவாலயத்துக்குக் கொண்டுபோன பிள்ளை. இவர்களைக் கொலைமேடைக்கு அனுப்பிய ஆண்களும் புளூட்டார்க் படித்தவர்கள்தான்.

23 பெப்ரவரி

ஹோர்டென்சியாவின் கேள்வி 19ஆம் நூற்றாண்டில் யாரிடமாவது திரும்பி வந்ததா? வந்தது. அவரைப் படித்துத்தான் கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, கேள்வி அதே கேள்வி.

அமெரிக்கப் பெண்ணுரிமைப் பேச்சாளர் லூசி ஸ்டோன் நியூ ஜெர்சியில் வாக்கில்லாமல் வரி இல்லை என்று கட்ட மறுத்தார். 1858 ஜனவரியில் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கனெக்டிகட்டின் கிளாஸ்டன்பரியில் ஜூலியா ஸ்மித், அபி ஸ்மித் என்று இரண்டு கிழவிகள், அக்கா தங்கை, எண்பதை ஒட்டிய வயது. இவர்களும் மறுத்தார்கள். 1874 ஜனவரியில் வரி வசூலிப்பவர் வந்து ஏழு பசுக்களை ஓட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய பசுக்களில் இரண்டுக்கு "டாக்ஸி", "வோட்டி" என்று பெயர், வரியும் வாக்கும். எனக்கு அந்தப் பசுக்களை நிரம்பப் பிடிக்கும்.

ஜூலியா பற்றி இன்னொன்று. முழு பைபிளையும் கிரேக்கம், எபிரேயம், லத்தீன் மூன்றிலிருந்தும் தானே பலமுறை மொழிபெயர்த்துப் பார்த்து 1876இல் அச்சிட்டார். லூசி ஸ்டோனும் கிரேக்கமும் எபிரேயமும் படித்தது, பெண்ணை ஆள ஆணுக்கு உரிமை உண்டு என்று மூலத்தில் அப்படியேதான் இருக்கிறதா என்று பார்க்க. லத்தீன் ஆண்களின் சாவியாக இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்கரெட் ஃபுல்லருக்கு ஆறு வயதில் தகப்பன் அதைக் கற்றுக் கொடுத்தார். 1849இல் பிரெஞ்சுப் படை ரோமைச் சுற்றி நின்றபோது, டைபர் நதித் தீவில் இருந்த ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தப் பிள்ளைதான்.

லண்டனிலும் இது நடந்தது. பஞ்சாபின் கடைசி மகாராஜாவின் மகள் சோஃபியா துலீப் சிங் வரி மறுத்ததற்காக 1911இல் அவருடைய வைர மோதிரத்தைப் பறித்து ஏலம் விட்டார்கள்.

24 பெப்ரவரி

செனெகா ஃபோல்ஸ் மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவரான எலிசபெத் கேடி ஸ்டான்டனைச் சொல்லாமல் விட முடியாது. தகப்பன் நீதிபதி, நியூயோர்க் மாநிலத்தின் ஜோன்ஸ்டவுனில். சின்ன வயதில் அவருடைய அறையில் உட்கார்ந்து, காணி இழந்த பெண்கள் வந்து அழுவதையும், சட்டம் இப்படித்தான் என்று தகப்பன் புத்தகத்தை எடுத்துக் காட்டுவதையும் கேட்டிருக்கிறார். அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்து வைத்தார், பிறகு கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட. தகப்பன் அறிந்து, இதை வெட்டினால் எல்லா நூலகத்திலும் வேறு புத்தகம் இருக்கிறது, சட்டம் செய்கிறவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். 1854இல் மாநிலச் சட்டசபை இருந்த ஆல்பனிக்குப் போய்ச் சொன்னார்.

2 மார்ச்

பெயர் பற்றிய கேள்வி. ரோமப் பெண் கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்ற மாட்டாள். ஹோர்டென்சியா கடைசிவரை ஹோர்டென்சியா. ஆனால் அந்தப் பெயருக்கு "ஹோர்டென்சியஸ் குடும்பத்துப் பெண்" என்பதற்கு மேல் பொருள் இல்லை. அக்கா தங்கை நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஹோர்டென்சியாதான். லூசி ஸ்டோன் 1855இல் கலியாணம் செய்தும் தகப்பன் பெயரிலேயே இருந்தார். 1879இல் மாசசூசெட்ஸில் பாடசாலைக் குழுத் தேர்தலில் வாக்களிக்கப் பெண்களை விட்டபோது, கணவன் பெயரில் கையெழுத்திட மறுத்ததால் அவர் பெயரை நீக்கினார்கள். முப்பது வருடம் கேட்ட வாக்கை ஒரு கையெழுத்துக்காக விட்டார்.

இதைப் படித்தபிறகு அம்மாவின் விற்பனை உறுதியின் பிரதியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொத்தாரிசு பென்சில் வட்டம் போட்ட இடத்தில் இப்போது நீதிமன்றக் கட்டளையின் இலக்கம் இருக்கிறது. அதற்குக் கீழே அம்மாவின் ஒப்பம். முதலெழுத்து அப்பாவுடையது இல்லை, அம்மப்பாவுடையது. 1974 உறுதியில் வைத்த அதே ஒப்பம், அந்த "ல"வின் வால் உட்பட. அடையாள அட்டையில் அப்படி இல்லையே என்று நொத்தாரிசு கேட்டாராம். அம்மா இரண்டு பெயரையும் உறுதியில் எழுதச் சொல்லிவிட்டு, "காணி இந்தப் பேருக்குத்தானே வந்தது, போகேக்கையும் இந்தப் பேரிலேயே போகட்டும்" என்றாராம்.